சட்டியில் இருந்தது, அகப்பை போதவில்லை: திருகோணமலையில் ஓர் உதைபந்தாட்டப் பயிற்சிச் சேவை பற்றிய மதிப்பீடு

எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம் 2025 ஆம் ஆண்டு முழுவதும் ஒரு தனியார் உதைபந்தாட்டப் பயிற்சிச் சேவையை மாதக் கட்டணத்துக்கு அமர்த்தியிருந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன். வேறு இரண்டு பாடசாலைகளின் சங்கத்தார் அவர்களை எடுக்கலாமா என்று அண்மையில் தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, கண்டதையும் எண்ணியதையும் ஒரே இடத்தில் முழுதாக எழுதிவைப்பது நல்லது என்று பட்டது. சேவையின் பெயரையோ கல்லூரியின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. இரு பக்கத்தாரும் இதே ஊரில் முகம் பார்த்து வாழ்கிறவர்கள் என்பது ஒரு காரணம்; நான் சொல்லப்போகும் குறைகள் பல பயிற்சிச் சேவைகளுக்கும் பொருந்தும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மாதம் 60,000 ரூபா கட்டணம். அதற்கு ஈடாக 19 வயதுக்குட்பட்ட அணிக்கும் 16 வயதுக்குட்பட்ட அணிக்கும் வாரத்தில் மூன்று மாலைப் பயிற்சிகள், சனிக்கிழமை காலையில் கோல் காப்பாளர்களுக்குத் தனிப் பயிற்சி, போட்டி நாட்களில் ஒரு பயிற்றுவிப்பாளரின் வருகை என்று எழுதிக்கொண்டோம். தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் 'சி' தரச் சான்றிதழ் இருந்தது. சி, பி, ஏ, புரோ என்று ஏறிச்செல்லும் அந்தப் படிவரிசையில் அது கீழ்ப்படிகளில் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பதற்கு அது போதுமானதே. ஆகவே தகுதியற்றவர்களை எடுத்துவிட்டோம் என்ற குறை எனக்கு இல்லை.

அவர்களை அமர்த்தியபோது எங்கள் எதிர்பார்ப்பு பெரிதாக இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில், விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஒருவர் தனியாக நின்று பயிற்றுவித்த அணி மாகாண மட்டத்தில் அரையிறுதி வரை போயிருந்தது. அந்த அணியின் பெரும்பாலானோர் இன்னும் கல்லூரியில் இருந்தார்கள். அதற்கு மேலாக, சாதாரண தரம் முடித்த ஐந்து பிள்ளைகளை விளையாட்டுத் திறமைக்காகவே உயர்தர வகுப்பில் சேர்த்து, விடுதிச் செலவையும் சங்கமே ஏற்றிருந்தது. இருவர் கிண்ணியாவிலிருந்தும், ஒருவர் மூதூரிலிருந்தும், இருவர் திருக்கடலூரிலிருந்தும் வந்தவர்கள். கிண்ணியாவில் பின்னேரம் ஐந்து மணிக்கு எந்த வெளியைப் பார்த்தாலும் பந்து உருண்டுகொண்டிருக்கும் என்பது இந்த மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. திருக்கடலூர்ப் பிள்ளைகளோ கரைவலை இழுக்கும் மணலிலேயே ஓடி வளர்ந்தவர்கள். மணலில் பழகிய அந்தக் கால்கள் கட்டாந்தரைக்கு வந்தால் எப்படிப் பாயும் என்பதை முதல் நாளே கண்டோம். இத்தனையும் இருந்தும், 2025 இல் எங்கள் அணி வலய மட்டத்தைக்கூடத் தாண்டவில்லை.

தோல்விக்குப் பின் கல்லூரி மண்டபத்தில் ஒரு கூட்டம் கூடினோம். தலைமைப் பயிற்றுவிப்பாளர் அமைதியாக எழுந்து, "பயிற்சியில ஒரு குறையும் வைக்கேல்ல, ஐயா. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றார். பின்வரிசையில் இருந்த ஒரு தாய், கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர், எழும்பாமலே பதில் சொன்னார்: "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம்." மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. அதன் பிறகு ஒரு மணி நேரம் பேசப்பட்டதெல்லாம் இந்த இரண்டு பழமொழிகளின் விரிவுரையே. பிள்ளைகளின் திறமைதான் குறை என்றவர்களும் பயிற்சிதான் குறை என்றவர்களும் தங்கள் கட்சிக்கு ஒரு சான்றையேனும் காட்டவில்லை. அது என் மனத்தை உறுத்தியது. அந்தப் பிள்ளைகளின் இரண்டு ஆண்டுகளை நாங்கள் கையிலெடுத்திருக்கிறோம். அவர்களைப் பற்றி "சரக்கில்லை" என்று பொதுச்சபையில் சொல்லுவதற்கு முன் சட்டியைத் திறந்தாவது பார்த்திருக்க வேண்டும்.

நான் திறந்து பார்த்தேன் என்று சொல்லத் துணிவது ஒரு பழைய பழக்கத்தால்தான். போட்டிக்குப் போனால் கையில் ஒரு கொப்பியோடு போவேன்; கோல் விழுந்த நிமிடத்தையும் விழுந்த விதத்தையும் குறித்துக்கொள்வேன். அந்தப் பருவத்தில் நட்புறவு ஆட்டங்களையும் சேர்த்து 11 போட்டிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் 35 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். எங்களுக்கு எதிராக மொத்தம் 17 கோல்கள். அவற்றில் 11 கோல்கள் கடைசி 20 நிமிடங்களுக்குள் விழுந்தவை. விழுந்த விதத்தைப் பார்த்தால், 17 இல் 7 கோல்கள் மூலை உதையிலிருந்தோ நேரடி உதையிலிருந்தோ வந்தவை. முற்பாதி முடிவில் நாங்கள் பின்தங்கியிருந்தது இரண்டே ஆட்டங்களில்தான்.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும். திறமையில்லாத அணி முதல் நிமிடத்திலிருந்தே திறமையில்லாமல் இருக்கும். பந்தைக் கட்டுப்படுத்தத் தெரியாதவன், எதிராளியைத் தாண்டத் தெரியாதவன் ஆட்டம் தொடங்கிய உடனேயே பிடிபட்டுப்போவான். நாற்பது நிமிடம் ஈடுகொடுத்துவிட்டுப் பிறகு திறமையை இழக்கமாட்டான். கடைசி 20 நிமிடத்தில் சரிவது உடற்தகுதியின் குறை, மாற்று வீரரை இறக்கும் நேரத்தின் குறை, களைத்த பிறகு எப்படி வரிசை கட்டுவது என்று பழக்காத குறை. மூலை உதையில் தொடர்ந்து கோல் வாங்குவது அதைவிடத் தெளிவான சான்று. பந்து நின்றிருக்கும், எல்லோரும் தத்தம் இடத்துக்குப் போக நேரம் கிடைக்கும், யார் எங்கே நிற்பது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கக்கூடிய தருணங்கள் உதைபந்தாட்டத்தில் இவை போன்றவையே. பயிற்றுவிப்பாளரின் கை நேரடியாகப் படியும் இடம் அது.

ஒரு நிகழ்ச்சியை அருகிலிருந்து பார்த்தேன். ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு பின்னேர ஆட்டம்; கோல் கம்பத்துக்குப் பின்னால், வேலியோடு நின்றிருந்தேன். 58 ஆவது நிமிடம், ஒன்றுக்கு ஒன்று சமநிலை. எதிரணிக்கு வலப்பக்கத்தில் ஒரு மூலை உதை. எங்கள் பெட்டிக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். திருக்கடலூரிலிருந்து வந்த பிள்ளை, அணியிலேயே உயரமானவன், முதலில் அருகிலிருந்த கம்பத்துக்கு ஓடினான், அங்கே ஏற்கெனவே ஒருவன் நிற்பதைக் கண்டு நடுவுக்கு வந்தான், பிறகு பயிற்றுவிப்பாளர் இருந்த பக்கம் திரும்பி, இரண்டு கையையும் விரித்து, "நான் ஆரைப் பிடிக்கிறது சேர்?" என்று கத்தினான். பதில் வருவதற்குள் பந்து வந்துவிட்டது. எதிரணியின் பின்களப் பையன் ஒருவன், எங்கள் பிள்ளையைவிடக் குறைந்தது நான்கு அங்குலம் குள்ளமானவன், யாரும் தொடாமல் நின்ற நிலையில் தலையால் தட்டி உள்ளே போட்டான். ஆட்டம் முடிந்ததும் எங்கள் பிள்ளை பெட்டிக்குள்ளேயே குந்தியிருந்து புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தட்டியெழுப்பி அழைத்துவந்தது எதிரணியின் கோல் காப்பாளன். அப்போது பருவத்தின் ஏழாவது மாதம். ஏழு மாதம் பயிற்சி பெற்ற ஒரு பின்கள வீரன் மூலை உதையில் தன் இடம் எது என்று ஆட்டத்தின் நடுவில் கேட்க வேண்டியிருந்தால், அந்தக் கேள்வியை அவன் தலையில் கட்டுவது நியாயமாகாது.

இதற்குப் பிறகே பயிற்சி மாலைகளுக்குத் தவறாமல் போகத் தொடங்கினேன். அதற்கு முன் போகாதது எங்கள் குழுவின் பிழை. நான் கண்ட பயிற்சி எப்படியிருந்தது என்றால், 22 பிள்ளைகளுக்கு ஆறு பந்துகள். அவற்றிலும் பெரும்பாலான நேரம் இரண்டுதான் ஓடின. மற்றவை பையிலேயே கிடந்தன. பிள்ளைகள் இரண்டு வரிசையில் நின்று, முறை வந்ததும் ஓடிப்போய் ஒரு தடவை கோலுக்கு அடித்துவிட்டு வரிசையின் பின்னால் வந்து சேர்வார்கள். ஒரு நாள் நடுக்கள வீரன் ஒருவனை மட்டும் 15 நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவன் கால் பந்தில் பட்டது ஒன்பது தடவை. பிற்பாடு அதே பிள்ளை கடற்கரையில் நாலுக்கு நாலு ஆடுவதைப் பார்த்தபோது இரண்டு நிமிடத்துக்குள் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டான். கட்டணம் கொடுத்து நடத்தும் பயிற்சியைவிடக் கட்டணமில்லாத கடற்கரை ஆட்டத்தில் ஒரு பிள்ளைக்கு அதிகமாகப் பந்து கிடைக்கிறது என்றால், அந்தக் கட்டணம் எதற்கு என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

உடலைச் சூடேற்றும் பகுதியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகளுக்கு உடம்பளவில் தீங்கு நேர்ந்தது. மைதானத்தைச் சுற்றி நான்கு ஓட்டம், பிறகு நின்றபடி தசையை நீட்டி இழுத்தல், அத்தோடு ஆட்டம். பீபாவின் மருத்துவப் பிரிவு உருவாக்கிய 'பதினொன்று பிளஸ்' என்ற சூடேற்றும் முறை உலகம் முழுவதும் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடியது. மொத்தம் 15 பயிற்சிகள், ஏறத்தாழ 20 நிமிடம். ஓட்டம், வலுவும் சமநிலையும், மீண்டும் வேக ஓட்டம் என்று மூன்று பகுதிகள். அதற்குப் பந்தும் சில அடையாளக் கூம்புகளும் இருந்தால் போதும். முழங்காலில் நின்று, தோழன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சியும் அதில் உண்டு. தொடையின் பின்தசை கிழிவதைத் தடுப்பதற்கானது அது. இந்த முறையை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் கணிசமாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்கள் அணியில் அந்தப் பருவத்தில் மூன்று பேர் தொடைப் பின்தசை பிடித்து வாரக்கணக்கில் வெளியே இருந்தார்கள். மூவரும் முன்கள வீரர்கள். மூவரும் வேகத்துக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் அந்த முறையைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்றார், சான்றிதழ் வகுப்பில் படிப்பித்தார்கள் என்றும் சொன்னார். ஏன் செய்யவில்லை என்று கேட்டதற்கு, பிள்ளைகள் நேரத்துக்கு வருவதில்லை, இருபது நிமிடம் அதற்குப் போனால் மிச்சம் எதற்கு இருக்கும் என்றார்.

பிள்ளைகள் நேரத்துக்கு வராதது உண்மைதான், அதற்கான காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததே. பயிற்சி நாலு மணிக்கு. உயர்தரப் பிள்ளைகளின் தனியார் வகுப்புகள் நாலரைக்கும் ஐந்துக்கும். உவர்மலையிலும் டொக்யார்ட் வீதியிலும் வகுப்பு முடித்து ஒருவன் ஓடிவரும்போது மற்றவன் வகுப்புக்கென்று புறப்படுவான். 2025 மார்ச்சில் நோன்பும் சாதாரண தரப் பரீட்சையும் ஒரே மாதத்தில் வந்தன. 16 வயதுக்குட்பட்ட அணியில் பாதிப்பேர் பரீட்சைக்குப் போக, கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் நோன்போடு நாலு மணி வெயிலில் ஓடினார்கள். பயிற்சியை அந்த ஒரு மாதம் இரவு விளக்கு வெளிச்சத்துக்கு மாற்றியிருக்கலாம், அல்லது நடந்து செய்யும் இடநிலைப் பயிற்சியாக வைத்திருக்கலாம். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசத் தொடங்கியதும் மைதானம் எப்படிக் கொதிக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2014 உலகக் கிண்ணத்தில் வெப்பம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் கொடுக்க பீபாவே ஏற்பாடு செய்தது. எங்கள் பயிற்சியில் தண்ணீர் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலோடு சரி. கடைசி 20 நிமிடத்தில் விழுந்த அந்த 11 கோல்களில் இந்த வெயிலுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வெயிலை மாற்ற முடியாது, நேரத்தை மாற்றியிருக்கலாம்.

இனித் திறமையின் பக்கம். இங்கே எங்கள் சங்கத்தின் தவறு இருக்கிறது, அதை மறைத்தால் இந்த மதிப்பீடு ஒருபக்கச் சாய்வாகிவிடும். ஐந்து பிள்ளைகளை எப்படித் தேர்ந்தெடுத்தோம்? ஒரு வார இறுதியில் நடந்த ஒரேயொரு சுற்றுப்போட்டியைப் பார்த்துத்தான். யார் கோல் போட்டார்களோ அவர்களே கண்ணில் பட்டார்கள். ஆகவே ஐவரில் நால்வர் முன்கள வீரர்கள். எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு நடுப் பின்கள வீரனும் இடது காலால் அடிக்கும் ஒருவனும். இரண்டுமே கிடைக்கவில்லை, தேடவும் இல்லை. இன்னொன்று, அந்த வயதில் பெரியவனாகத் தெரிபவன் திறமைசாலியாகவும் தெரிவான். வயதுப் பிரிவில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்த பிள்ளைகளே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட ஒன்று. மார்கழியில் பிறந்தவனைவிடத் தையில் பிறந்தவனுக்கு ஏறத்தாழ ஓராண்டு உடல் வளர்ச்சி கூட இருக்கும் என்பதே காரணம். நாங்கள் எடுத்த ஐவரில் நால்வரின் பிறந்த மாதம் தைக்கும் சித்திரைக்கும் இடைப்பட்டது. வேண்டுமென்று செய்யவில்லை, கண் அப்படி ஏமாற்றிவிட்டது. பதினெட்டு வயதில் மற்றவர்களும் வளர்ந்து சமமானபோது அந்த அனுகூலம் கரைந்திருக்கலாம்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் பயிற்றுவிப்பாளரின் "சரக்கில்லை" என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. அவர்கள் தை மாதத்தில் பிள்ளைகளைப் பொறுப்பேற்றபோது ஒருவரையும் அளக்கவில்லை. 30 மீற்றர் ஓட்டத்தில் யாருக்கு எத்தனை விநாடி, இடது காலால் எத்தனை பேர் பந்தைச் சரியாகக் கடத்துகிறார்கள், யாருக்கு எவ்வளவு நேரம் மூச்சுத் தாங்குகிறது என்று ஒரு தாளில்கூடக் குறிப்பு இல்லை. தொடக்கத்தை அளக்காதவர் முடிவில் நின்று "தொடக்கமே சரியில்லை" என்று சொன்னால் அதை எதைக்கொண்டு சரிபார்ப்பது? நடுப் பின்கள வீரன் இல்லை என்பதை அவர்கள் முதல் மாதமே எங்களிடம் சொல்லியிருந்தால், இருந்த முன்கள வீரரில் ஒருவனையாவது பின்னே பழக்கியிருக்கலாம். பிள்ளைகளை நாள்தோறும் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் உதைபந்தாட்டம் வேறு விளையாட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. ஆனாலும் இந்தக் கேள்வியை அங்கே தீர விசாரிக்கிறார்கள். அதனால் அதிலிருந்து ஒன்றைச் சொல்லலாம். அங்கே உயர்நிலைப் பாடசாலையிலிருந்து வரும் வீரர்களில் பெரும்பாலோருக்குக் கல்லூரியில் சேருமுன்பே நட்சத்திரத் தரம் இடப்படுகிறது. நான்கு, ஐந்து நட்சத்திர வீரர்களைப் பாதிக்கு மேல் சேர்த்த கல்லூரிகளே 2024 பருவம் வரை நெடுங்காலமாகத் தேசியப் பட்டத்தை வென்றுவந்தன. அந்தத் தரவரிசை கையில் இருப்பதால், நிறைந்த சட்டியோடு தோற்கும் பயிற்றுவிப்பாளரும் அரைச் சட்டியோடு வெல்லும் பயிற்றுவிப்பாளரும் எளிதில் அடையாளம் காணப்படுகிறார்கள். இந்தியானாப் பல்கலைக்கழக அணி 2023 இல் மூன்று ஆட்டங்களில் மட்டுமே வென்றது. கேர்ட் சிக்னெற்றி என்ற புதிய பயிற்றுவிப்பாளர் வந்த 2024 இல் 11 ஆட்டங்களை வென்றது. பயிற்சியின் வெற்றி என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் அவரோடு அவருடைய முன்னைய கல்லூரியின் வீரர்கள் பலரும் சேர்ந்தே வந்தார்கள்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆடிய, எல்லோரும் அறிந்த லெஸ்டர் சிற்றி கழகத்தின் கதையும் இப்படித்தான். 2014-15 பருவத்தில் 14 ஆவது இடத்தில் முடித்த அணி, கிளோடியோ ரனியேரி வந்த அடுத்த பருவத்தில் சம்பியனானது. அதே ரனியேரி 2017 பெப்ரவரியில், அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் தத்தளித்தபோது நீக்கப்பட்டார். இடையில் நடந்தது என்ன? நடுக்களத்தில் ஓயாமல் ஓடிய என்கோலோ கான்ரே அதே லீக்கின் செல்சி கழகத்துக்குப் போய்விட்டார். 10 ஆவது இடத்தில் கிடந்த செல்சி அந்தப் பருவமே சம்பியனானது. திறமைதான் எல்லாம் என்று முடிவு கட்டலாமென்றால், செல்சியிலும் அன்ரோனியோ கொன்ரே அப்போதுதான் பயிற்றுவிப்பாளராக வந்திருந்தார்; ஆர்சனலிடம் மூன்று கோல்களால் தோற்ற பிறகு பின்களத்தை மூவராக மாற்றியமைத்துத் தொடர்ந்து 13 லீக் ஆட்டங்களை வென்றார். லெஸ்டரிலோ, ரனியேரி போனதும் அவருடைய உதவியாளர் கிறெய்க் ஷேக்ஸ்பியரின் கீழ் அதே வீரர்கள் அடுத்த 5 லீக் ஆட்டங்களையும் வென்றார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்யும் இடத்திலேயே இரண்டையும் பிரித்தெடுப்பது இத்தனை கடினம் என்றால், ஒரு தாளில்கூடக் குறிப்பெழுதாத இடத்தில் ஒருவர் "பிள்ளைகளில்தான் குறை" என்று அத்தனை உறுதியாகச் சொல்லக்கூடாது.

சேவையின் நல்ல பக்கத்தையும் அதே அக்கறையோடு எழுத வேண்டும். ஓராண்டில் ஒரு நாள்கூட அவர்கள் சொல்லாமல் வராமல் இருந்ததில்லை. மார்கழி மழையில் மைதானம் குளமாகக் கிடந்த நாளிலும் குடையோடு வந்து, பிள்ளைகள் எவரும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டே போனார்கள். ஒரு பிள்ளையின் மீதும் கை வைத்ததில்லை, தகாத சொல் சொன்னதில்லை. தோற்ற அணியை வெயிலில் முழந்தாளிட வைக்கும் வழக்கத்தை நான் மாணவனாக இருந்த காலத்தில் அனுபவித்திருக்கிறேன். ஆகவே இது எனக்குச் சிறிய விடயமாகத் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சனிக்கிழமைகளில் வந்த கோல் காப்பாளர் பயிற்றுவிப்பாளர். அவர் மற்ற இருவரைவிட இளையவர், சான்றிதழும் குறைவு. வந்த முதல் சனிக்கிழமையே எங்கள் மூன்று கோல் காப்பாளர்களையும் வரிசையாக நிறுத்தி, கையை விரிக்கச் சொல்லி, விரலிடை நீளத்தையும் நின்ற இடத்திலிருந்து பாயும் தூரத்தையும் ஒரு கொப்பியில் குறித்தார். ஆறு வாரத்துக்கொரு தடவை அதே அளவுகளைத் திரும்ப எடுத்தார். எங்கள் முதலாம் கோல் காப்பாளனுக்குத் தன் இடப்பக்கம் விழப் பயம். சிறுவயதில் தோள்மூட்டு விலகியிருந்ததாம். அதை அவனிடம் பேசி அறிந்தவர் அவர்தான். பழைய மெத்தையொன்றைக் கொண்டுவந்து மணலின்மேல் விரித்து, முதலில் முழங்காலில் நின்று சரிந்து விழவும், பிறகு குந்தி நின்று விழவும், கடைசியில் நின்று பாயவும் பழக்கினார். மெத்தையை எடுத்த நாளில் அந்தப் பிள்ளை இடப்பக்கம் விழுந்து எழும்பிச் சிரித்ததைப் பார்த்தேன். பருவத்தின் கடைசி ஆட்டத்தில் அவன் தடுத்த தண்டனை உதை அந்த இடப்பக்கத்துக்கே வந்தது.

அணியின் திறமை பற்றிய என் முடிவுக்கு இந்தச் சனிக்கிழமைகளே அடிப்படை. அதே கல்லூரி, அதே வெயில், அதே தனியார் வகுப்பு நெருக்கடி, அதே உணவு. அளந்து தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையின் குறையையும் தனியே கண்டு, படிப்படியாகப் பழக்கிய இடத்தில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. வரிசையில் நிற்க வைத்து ஒரு பந்தைக் கொடுத்த இடத்தில் தெரியவில்லை. ஆகவே எங்கள் அணி தன் தகுதிக்குக் கீழே ஆடியதற்கு முதற்காரணம் பயிற்சியின் முறை; ஐவரை ஒரே அச்சில் தேர்ந்தெடுத்த எங்கள் அவசரம் இரண்டாவது காரணம்; அது முதலாவதை மோசமாக்கியது.

எடுக்க நினைப்போருக்கு என் கருத்து இது. 12, 13 வயதுப் பிள்ளைகள் பந்தோடு பழகவும், ஒழுங்காக நேரத்துக்கு மைதானத்துக்கு வரவும் ஒருவர் வேண்டுமென்றால் இவர்களை எடுக்கலாம், பாதுகாப்பான கைகள். மாகாண மட்டத்தை இலக்காகக் கொண்ட மூத்த அணிக்கு இப்போதிருக்கும் நிலையில் நான் சிபாரிசு செய்யமாட்டேன். எப்படியானாலும் கையெழுத்திடுமுன், முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையின் அளவுகளையும் எழுத்தில் தரவேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சி மாலையை முழுதாக இருந்து பாருங்கள். பையில் எத்தனை பந்து கிடக்கிறது, வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். சான்றிதழைக் கேட்பதைவிட இது பயன் தரும்.

எங்கள் குழுவில் சிலர், பயிற்றுவிப்பாளரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை. நெதர்லாந்து லீக்கின் பல பருவங்களை ஆராய்ந்த பொருளியல் ஆய்வொன்று, சரிந்துகொண்டிருந்த அணிகள் பயிற்றுவிப்பாளரை மாற்றிய பிறகு மீண்டதைப் போலவே, அதே நிலையில் மாற்றாதிருந்த அணிகளும் மீண்டன என்று காட்டியது. மாற்றம் வேண்டியது முறையில். தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் என் கொப்பியைக் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசினேன். மூலை உதைக் கணக்கைப் பார்த்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைத் தன் தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டார்.

உடன்படிக்கையை மார்கழியோடு முடித்துக்கொண்டோம். இப்போது மூத்த அணியை முன்னர் பயிற்றுவித்த ஆசிரியரே பார்க்கிறார். பயிற்சி காலை ஐந்தேமுக்காலுக்கு மாறியிருக்கிறது. சங்கம் கொடுத்த பணத்தில் இன்னும் பன்னிரண்டு பந்துகள் வாங்கியாகிவிட்டது. சனிக்கிழமை கோல் காப்பாளர் பயிற்சியை மட்டும் அதே சேவையிடம் மாதம் 15,000 ரூபாவுக்குத் தொடர்கிறோம். அந்த இளைஞர் சென்ற வாரம் புதிதாக வந்த இரண்டு பிள்ளைகளின் விரலிடையை அளந்துகொண்டிருந்தார்.